படுத்து ஓடும் எஞ்சின்

பேருந்தை விட்டு இறங்கி, தோட்டத்துத் தடத்தில் பையோடு நடந்து வந்த சௌந்திரத்துக்குத் தன் காரை முதலில் அடையாளம் தெரியவில்லை. நிறம் அதே கடுகு மஞ்சள். நம்பரும் அதேதான். ஆனால் பானெட்டின் நடுவில் முறத்தளவுக்குத் தகரத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். அந்த ஓட்டை வழியாக ஒரு டீசல் எஞ்சினின் தலை கறுப்பாக மேலே துருத்திக்கொண்டிருந்தது. வெட்டிய விளிம்பை அரம் போட்டுத் தேய்க்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கை வைத்தால் கிழித்துவிடும்.

பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். முன்சீட்டுகளுக்கு நடுவே தரையைப் பிளந்து, மேலே ஒரு தகரத்தை வளைத்துப் போட்டு வெல்டு வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஏதோ ஒரு ஜீப்பின் கியர் தடி முளைத்து நின்றது. பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள். முன்சக்கரங்களால் இழுத்துக்கொண்டு ஓடும் அந்தக் காருக்குப் பின்பக்கம் ஒரு கனத்த இருசை மாட்டி, பின்னாலிருந்து தள்ளும் வண்டியாக ஆக்கியிருந்தார்கள்.

அம்மாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை என்று சேலத்துக்குப் போனவள், ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் பிறந்த வீட்டிலேயே ஒரு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டாள். அந்த ஒரு மாதத்தில் நடந்த வேலை இது.

அவளுக்குக் காது சூடாகிக்கொண்டே போனது.

அந்தக் கார் ஒரு சுபாரு. லியோன் என்று பெயர். ஜப்பானில் செய்தது, எழுபத்து நான்காம் வருடத்து வண்டி. சௌந்திரத்தின் புருஷன் கந்தப்பன் சாம்பியா நாட்டில் கணக்கு வாத்தியாராக இருந்தார்; அதே ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு அவள் பாடம் எடுத்தாள். சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது அவரிடமிருந்து வாங்கினார்கள். கந்தப்பனுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்கும். இரண்டு தடவை பள்ளத்தில் இறக்கிய பிறகு, "நீயே ஓட்டு" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

செம்பு விலை விழுந்ததும் அந்த நாட்டில் ஒரு போல்ட்டு வாங்குவதற்குக்கூட மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. வண்டி நின்றால் நின்றதுதான். வேறு வழியில்லாமல் அவளே காருக்கடியில் படுத்தாள். கந்தப்பன் டார்ச் பிடித்தார். முதலில் தேவைக்காகச் செய்ததுதான். பிறகு, பழுது இல்லாத நாளிலும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. மற்ற கார்களில் எஞ்சின் நிமிர்ந்து நிற்கும். இதில் மல்லாந்து படுத்திருக்கும், இந்தப் பக்கம் இரண்டும் அந்தப் பக்கம் இரண்டுமாக நாலு பிஸ்டன்கள் குத்துச்சண்டை போடுவதுபோல எதிரெதிரே போய்வரும். அதனால் ஆட்டம் இல்லை. சத்தமும் வேறு. பானையில் சோறு கொதிப்பதுபோல ஒரு தணிந்த கொடகொடப்பு.

எண்பதில் ஊருக்குத் திரும்பியபோது அதைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். திருச்செங்கோட்டில் இப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. சேலத்து மெக்கானிக்குகள் பானெட்டைத் திறந்துவிட்டு, எஞ்சின்மேல் ஸ்டெப்னி டயர் படுத்திருப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஊர்க்காரர்கள் "சப்பாரு" என்றார்கள். சாமான் கிடைக்காது என்பது அவளுக்குப் பழகிய சங்கதிதான். பிளக்குக்குக் கரண்டு விடும் பாயின்ட்டுக்கு ஃபியட் காருடையதைக் கொஞ்சம் தேய்த்துப் போட்டாள். முன்சக்கர ஷாஃப்டுக்கு ரப்பர் உறை கிழிந்தபோது, டயர் ரீட்ரேடிங் கடையில் உட்கார்ந்து அச்சு செய்து வார்த்து வாங்கினாள். செம்புத் தகட்டை வெட்டி ஹெட் கேஸ்கெட் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சேலைக்கு மேலே கந்தப்பனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு காருக்கடியில் போய்விடுவாள். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். மாமியார் காலமாகிவிட்டார். கேட்க ஆளில்லை என்று ஊர் பேசியது. அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அன்று அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது கொழுந்தன் சென்னிமலை கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் பங்குதாரன். ஆந்திரா, மைசூர் என்று போய்வருகிற ஆள்.

"வாங்க நங்கையா" என்றான். "அம்மாவுக்குத் தேவலையா? வண்டியப் பாத்தீங்களா? இனிமே பெட்ரோலுக்கு அழுவ வேண்டியதில்லீங்க. டீசலு ஊத்துனாப் போதும், மாடாட்டம் இழுக்கும்."

"எஞ்சினு எங்கீங்க தம்பி?"

"அதுலதான இருக்குது."

"அதுல இருந்த எஞ்சினு."

"அதுங்களா. சங்ககிரியில அப்புசாமி பட்டறையில உட்டுட்டமுங்க. அது ஆருக்கு வேணும்? ஒரு மெக்கானிக்குக்கும் வெளங்காத எஞ்சின வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"எனக்கு வெளங்குமுங்களே."

சென்னிமலை சிரித்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. அவன் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தான்.

கந்தப்பன் உள்ளறையில் நாற்காலியில் இருந்தார். பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

"ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க" என்றாள் அவள். "மழை பேஞ்சதச் சொன்னீங்க. எருமை கன்னு போட்டதச் சொன்னீங்க. இதச் சொல்லலீங்களே."

"பெட்ரோலு விக்கற வெலையில..." என்று ஆரம்பித்தார்.

"பேப்பரக் கீழ வெச்சுட்டுப் பேசுங்க."

பேப்பரை வைத்தார். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அம்மாவுக்கு ஒடம்பு முடியாம இருக்கறப்ப, இதைச் சொல்லி எதுக்கு ஒன்னையத் தொந்தரவு பண்றதுன்னு உட்டுட்டேன். தம்பிக்கும் ஒரு வண்டி வேண்டியிருக்குது. வாரத்துக்கு ஆறு நாளு கொட்டாயில சும்மாதான கெடக்குது."

"சும்மா கெடந்தா அறுத்துப்போடலாமுங்களா?"

அவர் பேப்பரை நாலாக மடித்தார். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அன்றிரவு அவள் சமைத்தாள், பரிமாறினாள், பாத்திரம் கழுவினாள். ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்க்கும்போது எழுந்த சத்தத்தில் வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் சங்ககிரி பஸ் ஏறினாள். ரோட்டின் இரண்டு பக்கமும் லாரிப் பட்டறைகள். அப்புசாமியின் பட்டறை ஊர்க்கடைசியில் இருந்தது. அவர் நல்ல தடித்த மனிதர், கையில் எப்போதும் கிரீஸ். அவளைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"வண்டிய வெட்டறப்ப இது ஆரோடதுன்னு கேட்டீங்களா?"

"கேக்காமங்களா? ஆர்.சி. வாத்தியாரு பேருல இருக்குது. வாத்தியாரே வந்து நின்னாருங்களே."

"நின்னாரா?"

"ரெண்டு நாளும் இங்கதானுங்க இருந்தாரு. பானெட்ட வெட்டறப்ப மட்டும் டீ குடிக்கப் போயிட்டாரு."

சௌந்திரம் பட்டறையின் தகரக் கூரையைப் பார்த்தாள். சாம்பியாவில் முழங்கால் மண்ணில் பதிய உட்கார்ந்து, அவளுக்கு டார்ச் பிடித்தவர். "இன்னும் கொஞ்சம் எடது பக்கம் புடியுங்க" என்றால் இடது பக்கம் பிடித்தவர். அந்த எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கும்போது அவர் இதே இடத்தில்தான் நின்றிருக்கிறார்.

கொல்லைப்புறத்தில் பழைய லாரி பம்பர்களுக்கு நடுவே காரின் கியர்பாக்ஸ் கிடந்தது. முன்சக்கர ஷாஃப்டுகள் இரண்டும் பக்கத்தில். அவள் பாடுபட்டு வார்த்து வாங்கிய ரப்பர் உறைகள் வெயிலில் வெளுத்துப்போயிருந்தன. கியர்பாக்ஸின் வாயை ஒரு கந்தலால்கூட அடைக்கவில்லை. மண் உள்ளே போயிருந்தது. அவள் தன் கைக்குட்டையை எடுத்து அந்த வாயில் திணித்தாள்.

"இத ஆருக்கும் குடுத்துராதீங்க. நானே வந்து எடுத்துக்கிட்டுப் போவேன். எஞ்சினு எங்கீங்க?"

"அது ஓமலூரு போயிருச்சுங்க. ரங்கன்னு ஒருத்தன், மைக்செட்டு, சீரியல் லைட்டு போடறவன். ஜெனரேட்டருக்கு வேணும்னு எடுத்துக்கிட்டுப் போனான்."

அந்த வருடம் கரண்டு இருப்பதைவிட இல்லாத நேரம்தான் அதிகம். கல்யாணம், காதுகுத்து என்று எதுவானாலும் ஜெனரேட்டர் இல்லாமல் முடியாது. ஓமலூரில் ரங்கனின் வீட்டை விசாரித்துப் போனால், ஆள் கல்யாண மண்டபத்தில் இருக்கிறான் என்றார்கள். மண்டபத்துத் தெரு முனையில் திரும்பும்போதே அவளுக்குக் கேட்டுவிட்டது. நாதசுரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அடியில், அந்தக் கொடகொடப்பு. ஆனால் சீராக இல்லை. நாலில் ஒன்று சரியாக அடிக்கவில்லை. நொண்டி நடப்பதுபோல விழுந்து விழுந்து எழுந்தது.

மண்டபத்தின் பக்கவாட்டுச் சந்தில் இரும்புச் சட்டத்தின்மேல் அதை முடுக்கி வைத்திருந்தார்கள். ரேடியேட்டர் இல்லை. ஒரு தார் டிரம்மில் தண்ணீர் ஊற்றிக் குழாய் போட்டிருந்தார்கள். மேலே ஒரு தகர டின் தொங்கியது. வாடை பிடித்ததுமே தெரிந்தது, மண்ணெண்ணெய். வெளியே வந்த புகை வெள்ளையும் கறுப்பும் கலந்து சுவரில் படிந்திருந்தது.

ரங்கன் முப்பது வயதுக்காரன். தலையில் துண்டு கட்டியிருந்தான். அவள் வந்து நின்றதைப் பார்த்துப் பொண்ணு வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொண்டான். "லைட்டு எங்கயாச்சும் எரியலீங்களா?"

"இந்த எஞ்சின நிறுத்துங்க."

"ஏனுங்க?"

"இது என்னோடது."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அப்புசாமியிடம் வாங்கிய விவரத்தைச் சொன்னான். தான் திருடவில்லை என்று இரண்டு தடவை சொன்னான். "நெம்ப நல்ல எஞ்சினுங்க. மத்த ஜெனரேட்டரு வெச்சா மண்டபத்துக்குள்ள அய்யரு மந்திரம் காதுல உழுகாது. இது வெச்சா உழுகுது. அதுக்காகவே என்னயத் தேடி வாராங்க."

"மண்ணெண்ணெயில ஓட்டறீங்க."

"பெட்ரோலுக்கு நான் எங்கீங்க போறது? பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி இதுல மாத்தி உட்டுருவேன்."

"ஆயில எப்ப மாத்துனீங்க?"

ரங்கன் கழுத்தைச் சொறிந்தான்.

"தட்டற சத்தம் கேக்குதா உங்களுக்கு? உள்ள என்ன தேயுதுன்னு தெரியுமா? மண்ணெண்ணெ ஆயில்ல எறங்கித் தண்ணியாட்டம் ஆயிருக்கும். இன்னும் பத்து கல்யாணம் தாங்காது. நிறுத்துங்க."

"இப்பத்தானுங்க தாலி கட்டப்போறாங்க. இப்ப நிறுத்துனா என்னயக் கட்டி வெச்சு அடிப்பாங்க. முகூர்த்தம் முடியட்டுமுங்க, பேசிக்கலாம்."

அவள் சந்தில் நின்றாள். போய் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், போகவில்லை. எஞ்சின் நொண்டிக்கொண்டே ஓடியது. ஒவ்வொரு தடவை அது தடுமாறும்போதும் அவள் பல்லைக் கடித்தாள். கடைசியில் பொறுக்கமாட்டாமல் குனிந்து, சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, பக்கவாட்டில் தளர்ந்து தொங்கிய பிளக் ஒயரை அழுத்தி உள்ளே தள்ளினாள். சத்தம் உடனே நேரானது. மேலே சீரியல் விளக்குகள் ஒரு தரம் பிரகாசமாகி நிலைத்தன. உள்ளே கெட்டிமேளம் கொட்டினார்கள்.

தன் கையின் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. யார் கல்யாணத்துக்கோ விளக்கு எரிய நான் என்ன இவனிடம் வேலைக்கா வந்தேன் என்று நினைத்தாள்.

முகூர்த்தம் முடிந்து ரங்கன் எஞ்சினை அணைத்தபோது அவள் கேட்டாள். "உங்களுக்கு ஒரு டீசல் எஞ்சினு தாரேன். ஜீப்பு எஞ்சினு. இத எனக்குக் குடுத்துருங்க."

ரங்கனின் கண் விரிந்தது. டீசல் என்றால் அவனுக்கு லாபம்தான். சத்தம் அதிகம் என்றாலும் செலவு பாதி. "ஆரோடதுங்க அந்த எஞ்சினு?"

"என் கார்ல இருக்குது."

அது பொய்யும் இல்லை, முழு நிஜமும் இல்லை. அவளுக்கு அது தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை சென்னிமலை ஆந்திராவிலிருந்து வந்த ரிக் ஏஜென்ட்டுகளைத் திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்குக் கூட்டிப்போவதாக இருந்தான். அதற்காகக் காரைக் கழுவி, முன்னால் சாமந்தி மாலை போட்டு நிறுத்தியிருந்தான். அவன் குளிக்கப் போன நேரத்தில் சௌந்திரம் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு போய் வண்டியைக் கிளப்பினாள். லாரிபோல உறுமியது. ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. முன்பக்கம் மூக்கு இடித்துவிடுவதுபோலத் தாழ்ந்திருந்தது. அவள் ஒரு விரலால் திருப்பி ஓட்டிய வண்டி அது.

வாசல் படலுக்கருகில் கந்தப்பன் நின்றார்.

"எங்க போற?"

"வண்டிய ரிப்பேருக்கு உடப் போறேன்."

"அவன் ஆளுங்களுக்குச் சொல்லி வெச்சிருக்கான். கோயிலுக்கு..."

"பஸ்ஸு போவுதுங்க கோயிலுக்கு."

அவர் படலை ஒதுக்கிவிட்டுத் தானும் ஒதுங்கிக்கொண்டார். மறித்து நின்றிருந்தால்கூட அவளுக்கு அவர்மேல் ஒரு மரியாதை மிஞ்சியிருக்கும். பட்டறையிலும் இப்படித்தான் ஒதுங்கியிருப்பார் என்று தோன்றியது. யார் வேகமாக வருகிறார்களோ அவர்களுக்கு வழி விட்டுவிடுவார்.

சங்ககிரியில் கியர்பாக்ஸையும் ஷாஃப்டுகளையும் பின்சீட்டில் ஏற்றச் சொன்னாள். அப்புசாமி தயங்கினார். "சென்னிமலைக் கவுண்டரு ஒரு வார்த்தை சொன்னாருன்னா..."

"வாத்தியாரு நின்னா போதும்னு வெட்டுனீங்க. வாத்தியாரு பொண்டாட்டி நிக்கறேன். ஏத்துங்க."

ஏற்றினார்கள். மலைக்கோயிலுக்கென்று போட்ட மாலையோடு கார் ஓமலூர் போய்ச் சேர்ந்தது. ரங்கனின் ஆட்கள் புளியமரக் கிளையில் சங்கிலி கட்டி டீசல் எஞ்சினைத் தூக்கி இறக்கினார்கள். பிறகு சுபாருவின் எஞ்சினை ஒரு டிராக்டர் டிரெய்லரில் வைத்து, வெறும் கூடான காரைக் கயிற்றால் பின்னால் கட்டிச் சேலத்துக்கு இழுத்து வந்தார்கள். காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். பானெட்டின் ஓட்டை வழியாக ரோடு தெரிந்தது. ஃபேர்லேண்ட்ஸில் அம்மா வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். என்னவென்று கேட்டவர்களையே அவள் காரைத் தள்ளச் சொன்னாள்.

சும்மா விடுவார்களா? ஞாயிற்றுக்கிழமை சௌந்திரத்தை வரவழைத்து, தோட்டத்து வீட்டில் உறவுக்காரர்களைக் கூட்டினார்கள். கந்தப்பனின் பெரியப்பா பெரியசாமிக் கவுண்டர் நடுவில் உட்கார்ந்தார். அவர் நியாயமாகப் பேசுகிறவர் என்று பேர்.

"அம்முணி" என்றார். "அந்த டீசல் எஞ்சினு சென்னிமலை வாங்கிப் போட்டது. அவனக் கேக்காம நீ எடுத்து ஆருக்கோ குடுத்துட்ட. தப்புத்தான?"

"தப்புத்தானுங்க மாமா. தப்புன்னு தெரிஞ்சேதான் எடுத்தேன். அவங்க தெரிஞ்சு எடுத்தாங்களா, தெரியாம எடுத்தாங்களான்னு அவங்களையும் கேளுங்க."

சென்னிமலை எழுந்துவிட்டான். "பாத்தீங்களா பேச்ச? ஏஜென்ட்டுக முன்னால மானத்த வாங்கிப்போட்டாங்க. பொம்பளைக்குக் காரு எதுக்குன்னு ஊரே கேக்குது. நான் நல்லதுக்குத்தான பண்ணேன்?"

"ஒக்காரு" என்றார் பெரியசாமி. கந்தப்பனைப் பார்த்தார். "நீ சொல்லு கந்தப்பா. காரு ஆரோடது?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சௌந்திரமும் பார்த்தாள். அவர் தன் கைவிரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டார்.

"பேரு என்னோடதுதானுங்க" என்றார்.

அவ்வளவுதான். அவள் அந்த இடத்திலேயே எழுந்தாள். மன்னிப்புக் கேள் என்று பெரியசாமி சொல்ல வாயெடுப்பதற்குள், "டீசல் எஞ்சினுக்கு என்ன உண்டோ அத அண்ணனும் தம்பியும் பேசித் தீத்துக்குவாங்க மாமா. நான் சேலம் போறேனுங்க" என்றாள். இரண்டு சேலை, ஸ்பேனர் பெட்டி. பெட்டி கனமாக இருந்தது. பஸ் நிறுத்தம்வரை யாரிடமும் கொடுக்காமல் அவளே தூக்கிக்கொண்டு போனாள்.

ஃபேர்லேண்ட்ஸ் பக்கத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது. காலையில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள். மாலையில் வந்து பழைய சட்டையைப் போட்டுக்கொள்வாள். எஞ்சினைப் பிரித்தபோது அவள் பயந்தது அத்தனையும் உள்ளே இருந்தது. பேரிங்குகள் செம்பு தெரியத் தேய்ந்திருந்தன. ஒரு பிஸ்டனின் வளையம் உடைந்து சுவரைக் கீறியிருந்தது. ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் வரிசையாக வைக்கும்போது, கழுவுவதும் மண்ணெண்ணெய்தான் என்பது நினைவுக்கு வந்து இன்னும் கோபம் வரும். மணியன் என்ற டிங்கர் வந்து அறுத்த தரைக்குப் புதுத் தகடு வெட்டிப் பொருத்தினார். அவர் வெல்டு வைக்கும்போது அவள் பக்கத்திலேயே நிற்பாள். கோணல் என்றால் பிரிக்கச் சொல்வாள். "இந்தம்மா காருக்கு வேலை செய்யறதுக்குப் பதிலா லாரிக்குப் பாடி கட்டலாம்" என்று மணியன் முணுமுணுத்துக்கொண்டே மறுநாளும் வந்தார்.

கந்தப்பன் முதலில் வந்தது இரண்டு மாதம் கழித்து. ஒரு சனிக்கிழமை மதியம். அவள் காருக்கடியில் இருந்தாள். செருப்பைப் பார்த்தே யாரென்று தெரிந்துவிட்டது. வெளியே வரவில்லை.

அவர் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார். "டீசலுக்காக இல்ல சௌந்திரம்."

ஸ்பேனர் சத்தம் நின்றது.

"வாத்தியாரு வண்டிக்குப் பொண்டாட்டிதான் டிரைவருன்னு டீக்கடையில பேசறானுக. நான் போனாப் பேச்ச நிறுத்தறானுக, சிரிப்ப நிறுத்தறதில்ல. ஒவ்வொரு தடவையும் எடது பக்கம் உக்காந்துக்கிட்டு ஊருக்குள்ள வாரப்ப... தம்பி வந்து டீசல் மாத்தலாம்னான். மாத்திட்டா நீ ஓட்டமாட்டீன்னு தெரியும். சரின்னுட்டேன்."

அவள் வெளியே வந்தாள். முகத்தில் எண்ணெய் வழிந்திருந்தது. துடைக்கவில்லை.

"சாம்பியாவுல உக்காந்தீங்களே. அதே எடது பக்கம். நாலு வருசம்."

"அங்க என்னையத் தெரிஞ்சவங்க ஆரும் இல்லியே."

பெட்ரோல் விலை, தம்பியின் தேவை, கொட்டாயில் சும்மா கிடக்கிறது என்று அதுவரை சொன்ன காரணங்கள் மேலிருந்த கோபம் அத்தனையும் ஒன்றுமில்லாமல் போயிற்று. அந்த இடத்தில் வேறொரு கோபம் வந்து உட்கார்ந்தது. இது முன்னதைவிடப் பெரியது, முன்னதைவிட அமைதியானது. அவர் எஞ்சினை எடுக்கவில்லை. அவளை அந்தச் சீட்டிலிருந்து எடுத்திருக்கிறார். அதையும் தன் வாயால் சொல்லாமல், தம்பியையும் பட்டறைக்காரனையும் வைத்து எடுத்திருக்கிறார்.

"இத அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருந்தா உங்கமேல பரிதாபப்பட்டிருப்பேன்" என்றாள். "வண்டிய நிறுத்திக்கூட இருப்பேன். இப்பக் கெளம்புங்க. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நெம்ப நேரம் இருக்குது, ஆனாலும் கெளம்புங்க."

அவர் போனார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். அவள் பேசவில்லை. அவள் அம்மாவிடம் ஒரு டம்ளர் காபி வாங்கிக் குடித்துவிட்டு, கல்லின்மேல் உட்கார்ந்து, அவள் வேலை செய்வதைப் பார்த்துவிட்டுப் போவார். டார்ச்சை எடுக்க ஒரு தடவை கை நீட்டினார். அவள் அதைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

வண்டி ரோட்டுக்கு வர ஒன்றரை வருடம் ஆயிற்று. புதிது மாதிரி ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. வெட்டிய பானெட்டில் மணியன் வைத்த ஒட்டு தெரியத்தான் செய்தது. அம்பதுக்கு மேல் போனால் தரையில் ஒரு நடுக்கம் வரும், அதற்குக் காரணம் என்னவென்று அவளாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு சிலிண்டர் எப்போதும் கொஞ்சம் எண்ணெய் குடித்தது. இருந்தாலும் காலையில் சாவியைத் திருப்பினால் அந்தக் கொடகொடப்பு வரும். அதைக் கேட்கும்போது அவளுக்குச் சந்தோஷமும் வரும், அதோடு சேர்ந்து, இதைப் போய் அறுத்தார்களே என்ற எரிச்சலும் வரும். ஒன்றை விட்டு ஒன்று வந்ததே இல்லை. சென்னிமலை வேறு கார் வாங்கிக்கொண்டான். கல்யாண வீடுகளில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவளும் நலம் விசாரிக்கமாட்டாள்.

ஐப்பசி மாதம், விடாத மழை. பள்ளி விட்டு வரும்போது வைப்பரின் ரப்பர் கிழிந்து கண்ணாடியில் கோடு கோடாக இழுத்தது. பாதி வழி தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டி வந்தாள். வாசலில் கந்தப்பன் குடையோடு நின்றிருந்தார், அன்று சனிக்கிழமை. அவள் ஈரமான தலையோடு இறங்கி வைப்பரைத் தூக்கிப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

அடுத்த வாரம் வரும்போது கையில் பேப்பரில் சுற்றிய ஒரு நீளப் பொட்டலம். ஈரோட்டில் நாலு கடை ஏறி வாங்கினதாகச் சொன்னார். பிரித்தால் இரண்டு வைப்பர் பிளேடுகள். ஏதோ வேன் வண்டிக்கு உள்ளவை.

சௌந்திரம் ஒன்றை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தாள். நுனி கண்ணாடியைத் தாண்டி வெளியே நின்றது.

"இது நீளமுங்க" என்றாள். அவரிடம் அவள் பேசி வெகுநாளாகியிருந்தது. பிளேடைப் பேப்பரிலேயே திரும்பச் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். பழைய ரப்பரைக் கழற்றி அதற்கு மேலே வைத்தாள்.

"இத அளவுக்குக் கொண்டுபோங்க. திருப்பிக் குடுத்துட்டு மாத்தி வாங்கியாங்க."

சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், மறுபடி மழை பிடிப்பதற்குள் முடிக்க வேண்டிய வேலையைப் பார்க்கப் பானெட்டைத் தூக்கினாள்.